எதை ஓடாமல் விடுவது: கொழும்பில் பிள்ளையின் முதல் நெடுந்தூர சீசன்

வலய மட்டப் போட்டியில் என் மகள் முதன்முதலாக 1500 மீற்றர் ஓடிய அன்று, மணிச்சத்தம் கேட்டதும் நின்றுவிட்டாள். ஆறாவதாக வந்துகொண்டிருந்தவள் கோட்டைத் தாண்டி, இடுப்பில் கையை வைத்து, குனிந்து மூச்சு வாங்கினாள். பின்னால் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கடந்து போக, பார்வையாளர் பக்கத்திலிருந்து நாங்கள் "ஓடு, ஓடு" என்று கத்தினோம். நிலைமை விளங்க அவளுக்குப் பத்து விநாடியாவது ஆகியிருக்கும். கடைசியில் ஒன்பதாவது இடம்.

அவள் பழகிய பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பால் போட்டிருந்தது 200 மீற்றர் புல் தடம். அங்கே 1500 என்றால் ஏழரைச் சுற்று. போட்டி நடக்கும் 400 மீற்றர் தடத்தில் அது மூன்றேமுக்கால் சுற்று என்று மட்டும் சொல்லியனுப்பினோம். கோட்டை மூன்றாம் முறை தாண்டும்போது அடித்த மணியை முடிவு மணி என்று பிள்ளை நினைத்துவிட்டது. கடைசிச் சுற்று தொடங்கும்போதுதான் மணி அடிப்பார்கள் என்பதை நான் உட்பட ஒருவருமே அவளுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று சீசன் போய்விட்டது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றோர் இப்போது என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட விடலாம்?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒரு கலண்டரைத்தான் எடுத்து வைப்பேன்.

முதலில் கலண்டர்

கொழும்பில் ஒரு பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஓட்டங்கள் மூன்று வழியாக வரும். ஒன்று பாடசாலை வழி: இல்ல விளையாட்டுப் போட்டி (பாடசாலைக்குள்ளேயே இல்லங்கள் என்ற மாணவர் அணிகளுக்கிடையில் நடப்பது), கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை. இரண்டாவது, பாடசாலைகள் மெய்வல்லுநர் சங்கம் நடத்தும் சேர் ஜோன் டார்பட் போன்ற போட்டிகள். இந்த இரண்டுக்கும் பாடசாலையே பெயர் கொடுக்க வேண்டும், நீங்கள் நேரே போய்ச் சேர முடியாது. மூன்றாவது வீதி ஓட்டங்கள். ஐந்து கிலோமீற்றர், பத்துக் கிலோமீற்றர், கொழும்பு மரதனை ஒட்டிய குறுந்தூரப் பிரிவுகள். இதற்குப் பணம் கட்டிப் பதிவுசெய்தால் யாரும் ஓடலாம். ஆபத்தும் இங்கேதான், பெற்றோரின் ஆசைக்குத் தடை போட இதில் ஆள் இல்லை.

ஒரு பெரிய தாளில் ஆண்டு முழுவதையும் எழுதுங்கள். முதலில் தவணைப் பரீட்சைகளையும், சாதாரண தரம் எழுதும் ஆண்டென்றால் அதையும் போடுங்கள். இல்லப் போட்டிகள் வழக்கமாக முதலாம் தவணையில் வரும். மற்றவற்றின் திகதி ஆண்டுக்காண்டு மாறும், சுற்றறிக்கை வந்தபிறகு பென்சிலால் குறியுங்கள். அதற்குப் பிறகு, பிள்ளை உண்மையாகவே நன்றாக ஓட வேண்டிய போட்டிகள் இரண்டை மட்டும் சிவப்பால் வட்டமிடுங்கள். மிச்சமெல்லாம் பழகுவதற்கு, அல்லது விடுவதற்கு.

விடுவதுதான் கஷ்டம். நெடுந்தூரம் ஓடக்கூடிய ஒரு பிள்ளை இல்லத்துக்குக் கிடைத்தால் 800, 1500, 3000, அஞ்சலோட்டம், மரதன் எல்லாவற்றிலும் பெயரைப் போட்டுவிடுவார்கள். (நம் பாடசாலைகளில் ஐந்து கிலோமீற்றர் ஓடினாலும் அது "மரதன்"தான். 42.195 கிலோமீற்றர் ஓடியவர் யாராவது கேட்டால் சிரிப்பார்.) பொறுப்பாசிரியரோடு சண்டை பிடிக்காதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "சேர், இந்த முறை மகள் 1500உம் அஞ்சலும் மட்டும் ஓடட்டும். வலயத்துக்கு 3000க்கு ஆயத்தப்படுத்துவோம்." வலயம் என்ற சொல்லைக் கேட்டதும் சேர் இறங்கி வந்துவிட்டார். பாடசாலைக்கும் அந்தப் பதக்கம் வேண்டும்தானே.

வயதுப் பிரிவையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரிப்பார்கள். எந்தத் திகதியில் வயதைக் கணக்கிடுவது என்று சுற்றறிக்கையில் இருக்கும். இரண்டு நாள் வித்தியாசத்தில் பிள்ளை மேற்பிரிவுக்குப் போய்விட்டால், அந்த ஆண்டுக்கான எதிர்பார்ப்பையே மாற்ற வேண்டும். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி நான்கைந்து எடுத்து ஒரு பைலில் போட்டு வையுங்கள். கடைசி நாளில் போட்டோகொப்பிக் கடையில் நிற்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

எங்கே ஓடுவது

தினசரிப் பயிற்சிக்கு 400 மீற்றர் தடம் அவசியமில்லை. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள நடைபாதையில் மர நிழல் உண்டு, வாகனத் தொல்லையும் குறைவு. விகாரமகாதேவிப் பூங்கா மெதுவான ஓட்டத்துக்கு நல்லது. காலிமுகத்திடலில் புல்லும் காற்றும் உண்டு. நீளம் சுமார் 500 மீற்றர்தான், ஆனாலும் அங்குமிங்கும் வேகம் மாற்றி ஓட அதுவே போதும். நீண்ட ஓட்டத்துக்கு நாங்கள் சனிக்கிழமைகளில் பத்தரமுல்லைப் பக்கம், தியவன்னா ஓயாக் கரைக்குப் போவோம். வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் வாசலிலேயே இருக்கிறது. விடியற்காலையில் மட்டும் ஓடுங்கள், வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளிர்நிறச் சட்டையோடு. தெருநாய் துரத்தினால் ஓடக்கூடாது. நின்று, திரும்பிப் பார்த்து, மெல்ல நடந்தால் அது சலித்துப் போய்விடும். வேகமாக ஓடும் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பாடம் ஏறவே ஏறாது.

தடத்தில் பழக வேண்டிய நாள் வரும். சுகததாச விளையாட்டரங்கில் 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும், 2002இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டிகளும் நடந்தன. ஹோமாகமைக்கு அப்பால் தியகமவிலும் சிந்தெடிக் (செயற்கை மேற்பரப்பு) தடம் இருக்கிறது. பெரிய போட்டிக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது அனுமதி எடுத்து இப்படியொரு தடத்தில் ஓட விடுங்கள். புல்லில் பழகிய காலுக்கு அந்த மேற்பரப்பு வேறு மாதிரித் துள்ளும். மத்தியான வெயிலில் சூடும் ஏறும், வெறுங்காலோடு ஓடிப் பழகிய பிள்ளை அந்தச் சூட்டில் அரைச் சுற்றுக்கூடத் தாங்காது. உட்புற முதலாம் பாதை வேகமாக ஓடுபவர்களுக்கு. நடப்பதென்றால் வெளிப்பாதைக்குப் போய்விட வேண்டும்.

வாரம் எப்படி இருக்க வேண்டும்

ஓடத் தொடங்கி ஒரு வருடமான, பதினைந்து வயதை ஒட்டிய பிள்ளைக்கு நாங்கள் வைத்திருப்பது ஐந்து நாள். திங்கள் முப்பது நிமிடம் மெதுவாக. செவ்வாய் வேகப் பயிற்சி, 400 மீற்றர் ஆறு தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒன்றரை நிமிடம் நடை. புதன் ஓட்டமில்லை, வயிறு, இடுப்பு, கெண்டைக்கால் பலப்படுத்தும் பயிற்சி மட்டும். வியாழன் நாற்பது நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் கொஞ்சம் முறுக்கி. சனி ஐம்பதிலிருந்து அறுபது நிமிடம். வெள்ளியும் ஞாயிறும் ஓய்வு.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? ஓடிக்கொண்டே முழு வசனம் பேச முடிய வேண்டும். நான் சைக்கிளில் பக்கத்தில் போய், "இன்றைக்கு மூன்றாம் பாடம் என்ன?" என்று கேட்பேன். ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்று பிடிவாதம் பிடிப்பது கொழும்புக்குச் சரிவராது. ஆண்டு முழுவதும் புழுங்கும் இந்த ஊரில் வியர்வை காயாது, உடம்பு குளிராது, அதே முயற்சிக்கு நேரம் கூடத்தான் எடுக்கும். ஏப்ரலில் அது இன்னும் மோசம்.

விடுமுறையில் நுவரெலியா போய் இரண்டு வாரம் நின்றுவிட்டு வந்த ஆண்டு, இறங்கிய மூன்றாம் நாளே மகளைப் போட்டிக்குவிட்டேன். நடுவிலேயே தலை சுற்றி இறங்கிவிட்டாள். சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். ஆனால் மலையகத்துப் பிள்ளைகள் இரவு பஸ்ஸில் வந்து, எங்காவது ஒரு மண்டபத்தில் படுத்தெழும்பி, மறுநாள் 5000 மீற்றரில் நம்மவர்களை ஒரு முழுச் சுற்று முந்திக்கொண்டு போவதையும் கண்டிருக்கிறேன். நாட்டின் நெடுந்தூர ஓட்டத்தில் பெயரெடுத்த குமார் சண்முகேஸ்வரனும் அந்த மலைகளிலிருந்து வந்தவர்தான். மேடு ஏறி இறங்கிப் பாடசாலைக்குப் போகும் கால்களுக்கும் லிஃப்டில் இறங்கும் கால்களுக்கும் வித்தியாசம் இருக்காதா? தட்டையான கொழும்பில் நமக்குக் கிடைப்பது கல்கிசைக் கடற்கரை மணலும் தொடர்மாடிப் படிக்கட்டும்தான்.

நித்திரை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. டியூஷன் முடிந்து இரவு ஒன்பதுக்கு வீடு வந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் செய்து பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலரைக்கு எழுப்பாதீர்கள். அன்றைய ஓட்டம் போகட்டும். விட்ட ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடவும் கூடாது.

சப்பாத்து

காசைக் கொட்ட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், பயிற்சிக்கு ஒரு நல்ல ஓட்டச் சப்பாத்து. பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம் பார்த்து, ஓடும்போது போடும் அதே காலுறையோடு கடைக்குப் போங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "வளருகிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் கொப்புளம் நிச்சயம்.

ஸ்பைக் (அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து) முதல் ஆண்டுக்குத் தேவையில்லை. வாங்கினாலும் போட்டியன்று புதிதாகப் போடாமல், மூன்று நான்கு வேகப் பயிற்சியில் பழகிய பிறகே போடுங்கள். சிந்தெடிக் தடத்தில் ஆணி 9 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. சில மைதானங்களில் அதைவிடக் குட்டை ஆணிதான் விடுவார்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

தடத்தில் ஓடும் நாள்

1500 மீற்றர் ஓட ஐந்தாறு நிமிடம். அந்த நாளோ பத்து மணி நேரம். காலை ஏழுக்கு மைதானத்துக்குக் கூட்டிப்போவார்கள், நிகழ்ச்சி பதினொன்றரை என்று அட்டவணையில் இருக்கும், கூப்பிடும்போது இரண்டு மணி தாண்டியிருக்கும். பாதிப் பிள்ளைகள் தோற்பது இந்த இடைவேளையில். வெயிலில் நின்று தோழிகளுக்குக் கைதட்டி, ஐஸ்கிரீம் சாப்பிட்டு, மைலோ வண்டிக்கு இரண்டு முறை வரிசையில் நின்று, சோற்றுப் பார்சலை முழுதாக முடித்துவிட்டு ஓடப் போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஒரு பாய், ஒரு குடை, தொப்பி, மாற்றுச் சட்டை, ஊக்கு எட்டு. நிழலில் படுத்திருக்கட்டும். காலையில் இடியப்பமும் சொதியும், சம்பல் கொஞ்சமாக. அதற்குப் பிறகு ஒன்றரை மணிக்கொருதரம் ஒரு வாழைப்பழம், அல்லது ஜாம் பூசிய பாண் துண்டு, இரண்டு பேரீச்சம்பழம். தண்ணீர் மிடறு மிடறாக. அதிகம் வியர்க்கும் நாளில் ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் ஒரு பக்கற்றை, பக்கற்றில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரத்துக்குள் சோறு வேண்டாம்.

பெயர் கூப்பிடும் இடத்துக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் ஓட விடமாட்டார்கள். ஒலிபெருக்கி சிங்களத்தில் வேகமாகச் சொல்லும். தமிழ்மொழிமூலப் பிள்ளைகளுக்கு "பஹலொஸ்" என்றால் பதினைந்து, அதாவது 1500ஐப் பதினைந்து நூறு என்று சொல்லும்போது வரும் முதல் சொல் அது என்று சொல்லிக் கொடுங்கள். சிரிக்க வேண்டாம், இதைத் தெரியாமல் ஒரு பிள்ளை நிழலிலேயே உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் கண்டேன்.

இனி அந்தச் சுற்றுக் கணக்கு. 1500 தொடங்குவது முடிவுக்கோட்டில் இல்லை, கோட்டுக்கு 300 மீற்றர் முன்னால். ஆகவே கோட்டை நான்கு முறை தாண்ட வேண்டும்: 300, 700, 1100, 1500. 1100இல் மணி. 3000 என்றால் ஏழரைச் சுற்று, முதல் அரைச்சுற்றில் ஒரு முறை, பிறகு ஏழு முறை. 5000 பன்னிரண்டரை. துப்பாக்கிக்கு முன் நூறு, இருநூறு மீற்றர் ஓட்டங்களில் சொல்வது போல "செட்" சொல்ல மாட்டார்கள். "இடத்துக்கு" என்றதும் நேரே வெடி. பதறி முதலிலேயே பாய்ந்தால் போட்டியிலிருந்து நீக்கிவிடலாம். உள்விளிம்பைத் தாண்டிப் புல்லில் கால் வைக்கவும் கூடாது.

வேகத்தையும் இதே கணக்கில் சொல்லிக் கொடுங்கள். 5 நிமிடம் 45 விநாடிக்கு ஓட நினைக்கும் பிள்ளை ஒரு சுற்றை 92 விநாடியில் ஓட வேண்டும். கோட்டைத் தாண்டும்போது மணிக்கூடு 1:09, 2:41, 4:13, பிறகு 5:45. இந்த நான்கு எண்ணையும் மகள் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாள். வியர்வையில் இரண்டு அழிந்துபோனது, ஆனால் எழுதும்போதே மனதில் பதிந்துவிட்டது. முதல் 300ஐ 55 விநாடியில் பறந்தவர்களைத் தொடராமல் ஒன்பதாவதாகப் போனவள், 1100க்குப் பிறகு ஐந்து பேரைப் பிடித்தாள்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் தங்கம் வென்றபோது இலங்கையின் தருஷி கருணாரத்னவுக்குப் பதினெட்டு வயது. அந்த ஓட்டத்தின் வீடியோவைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

மின்னல் வெட்டினால் போட்டி நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கொழும்பில் சாதாரணம். திறந்த மைதானம், உலோகக் கம்பம், மரத்தடி மூன்றையும் விட்டுக் கட்டிடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள்.

வீதியில் ஓடும் நாள்

தடத்தில் ஓடும் பிள்ளைக்கு வீதி ஓட்டம் ஒரு விடுமுறை மாதிரி. சீசனுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. பதினாறுக்குக் கீழே ஐந்து கிலோமீற்றரே போதும். பத்து ஓடுவதானால் குறைந்தது மூன்று மாதம் சனிக்கிழமை நீண்ட ஓட்டம் தவறாமல் ஓடியிருக்க வேண்டும். முழு மரதன் பதினெட்டுக்குப் பிறகுதான். விண்ணப்பத்தில் வயதைக் கூட்டிப் போட்டு ஓடவைக்கும் வீரத்தை நான் வெறுக்கிறேன்.

பத்தை 52 நிமிடத்தில் முடிக்க நினைத்தால் கிலோமீற்றருக்கு 5:12. விடியற்காலை இருட்டு, சனக்கூட்டம், பாட்டு, எல்லாமாகச் சேர்ந்து முதல் கிலோமீற்றரை 4:30இல் இழுத்துவிடும். அதற்கான கடனை ஏழாவது கிலோமீற்றரில் வட்டியோடு கட்ட வேண்டும். நெஞ்சில் குத்தும் இலக்கத்தின் பின்னால் நேரம் எடுக்கும் சிப் இருந்தால் அதை மடிக்கக்கூடாது. தண்ணீர்க் கோப்பையின் வாயை நசுக்கிக் கூராக்கிக் குடித்தால் மூக்கில் ஏறாது. வீட்டில் ஒரு முறை பழகிப் பாருங்கள், நனைந்த சட்டையோடு சிரிப்பதற்காகவாவது. பிள்ளையின் நேரத்தைத் தடத்து நேரத்தோடு ஒப்பிட்டு "ஏன் கூடியது?" என்று கேட்பது வேண்டாத வேலை. வளைவும் பாலமும் வெயிலும் சேர்ந்த கணக்கு அது.

வலி

ஓடி முடிய இரண்டு கால்களும் பொதுவாக நோவது பழக்கம். ஒரு விரலால் "இங்கேதான்" என்று காட்டக்கூடிய எலும்பு வலி வேறு. கணுக்காலுக்கு மேலே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பாதத்தின் மேற்பக்கம் அப்படி வலித்து, நடக்கும்போதும் நோகிறதென்றால் சித்தாலேப தைலத்தைத் தேய்த்து மறுநாள் ஓடவிடாதீர்கள். வளரும் வயதில் எலும்பின் நுனிகள் இன்னும் முற்றாதவை. தொடர்ந்து இடிபட்டால் முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொள்ளும், சில வேளை மயிரிழை வெடிப்பே வரும். விளையாட்டு மருத்துவம் தெரிந்த டொக்டரிடம் காட்டுங்கள்.

பெண்பிள்ளைகளின் அம்மாமாருக்கு: சீராக வந்த மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் "ஓடுகிறாள், அதுதான்" என்று விடக்கூடாது. உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்பையும் பாதிக்கும். படியேறவே மூச்சு வாங்கி, முகம் வெளிறியிருந்தால் இரத்தச் சோகை பார்க்க வேண்டும். நெத்தலி, பருப்பு, வல்லாரை, முட்டை, சிவப்பரிசிச் சோறு தாராளமாகக் கொடுங்கள். மெலிந்தால் வேகம் வரும் என்று யாராவது பிள்ளையின் காதில் ஓதினால் அவரிடமிருந்து பிள்ளையைத் தூரமாக்குங்கள்.

பவுடர், குளிசை எதையும் கண்டவர் சொல்லி வாங்காதீர்கள். சளி, தடிமனுக்குக் கடையில் வாங்கும் சில மருந்துகளில்கூடப் போட்டியன்று தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கும். ஓடுகிற பிள்ளை என்று டொக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசிப் போட்டிக்குப் பிறகு

இரண்டு வாரம் சப்பாத்தைக் கட்டவே வேண்டாம். நீந்தட்டும், கிரிக்கெட் விளையாடட்டும், சும்மா படுத்திருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த இரண்டு வாரத்தில்தான் கொப்பியைத் திறப்போம். திகதி, தூரம், புல்லா சிந்தெடிக்கா வீதியா, வெயிலா மழையா, நேரம், ஓடுமுன் என்ன சாப்பிட்டாள், ஆறே நிரல். சென்ற ஆண்டுக் கொப்பியில், மூன்று போட்டிகளில் "சாப்பாடு" என்ற நிரலில் ஒரே சொல்தான் இருந்தது: ரோல்ஸ். மூன்றிலும் நேரம் மோசம்.

அதைப் பார்த்து முடித்ததும் கொப்பியின் புதுப் பக்கத்தில் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுப்பேன். போன முறை இழுத்த கோட்டைவிட இந்த முறை முக்கால் விரல் அகலம் கூட. அடுத்த சீசனுக்கான முதல் செலவு அதுதான்.